இருண்ட முகில்கள்: வானத்துத் துளையிலிருந்து அகச்சிவப்பு வரைபடம் வரை

இருண்ட முகில்கள் என்பவை விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் வாயுவும் நுண்தூசியும் செறிந்து கிடக்கும் குளிர்ந்த பகுதிகள். தமக்குப் பின்னால் உள்ள விண்மீன்களின் ஒளியை இவை மறைத்துவிடுவதால், பால்வழியின் வெளிர்ந்த பட்டையில் கரும்புள்ளிகளாகவும் கரிய கோடுகளாகவும் தெரிகின்றன. இவற்றின் உட்பகுதியில் வெப்பநிலை ஏறத்தாழ 10 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே சுமார் 263 பாகை செல்சியஸ். நிறையில் ஏறத்தாழ 99 விழுக்காடு வாயு. தூசி 1 விழுக்காடு மட்டுமே. ஆனால் ஒளியை மறைப்பது அந்த 1 விழுக்காடுதான்.

வானில் ஓர் இடம் இருண்டிருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருளா, அல்லது ஏதோ ஒன்று மறைத்து நிற்கிறது என்று பொருளா? இந்த எளிய கேள்விக்கு விடை காண வானியலுக்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. மறைத்து நிற்பதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அகச்சிவப்புக் கதிர்களை அறியும் கருவிகள் வேண்டியிருந்தன. சூரியனைப் போன்ற விண்மீன்கள் இத்தகைய முகில்களில்தான் பிறக்கின்றன என்பதால், இந்தத் தேடல் சூரியக் குடும்பத்தின் தோற்றத்தைப் பற்றிய தேடலாகவும் அமைந்தது.

வானத்தில் ஒரு துளை

தென் அரைக்கோள மக்கள் இருண்ட முகில்களை வெறும் இடைவெளியாகக் கருதவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலர் பால்வழியின் கரிய பகுதிகளை ஈமு பறவையின் உருவமாகக் கண்டனர். தென்சிலுவைக்கு அருகிலுள்ள ‘நிலக்கரிப் பை’ என்னும் முகில் அதன் தலை. ஆண்டிஸ் மலைவாழ் மக்களோ அதே இருளில் லாமா முதலிய விலங்குகளைக் கண்டனர்.

ஐரோப்பிய வானியலில் இவற்றை முறையாகக் குறித்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஹெர்ஷெல் (1738–1822). ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, இங்கிலாந்தில் இசைக்கலைஞராக வாழ்ந்து, தாமே தேய்த்துச் செய்த ஆடிகளால் தொலைநோக்கிகள் அமைத்தவர் அவர். 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தவர். தங்கை கரோலின் குறிப்பெடுக்க, இரவு தோறும் வானைப் பகுதி பகுதியாகத் துழாவினார். விருச்சிகத்தின் அருகே துழாவியபோது ஏறத்தாழ 4 பாகை அகலத்துக்கு விண்மீன்களே இல்லாத ஒரு பகுதி குறுக்கிட்டது. வானத்தில் உண்மையாகவே ஒரு துளை இருக்கிறது என்று அண்ணன் வியந்து சொன்னதைக் கரோலின் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவுகூர்ந்தார்.

அந்தப் பகுதியின் மேற்கு ஓரத்தில் எம் 80 என்னும் செறிவான விண்மீன் கொத்து இருக்கிறது. ஈர்ப்பு விசையால் சுற்றுப்புற விண்மீன்கள் யாவும் அந்தக் கொத்துக்குள் திரண்டுவிட்டதால் இடம் காலியானது என்று 1785-இல் வெளியான தம் கட்டுரையில் ஹெர்ஷெல் கருதினார். ஈர்ப்பைக் கொண்டு வானின் அமைப்பை விளக்க முயன்ற ஒருவருக்கு அது இயல்பான முடிவு. ஆனால் எம் 80 கொத்து ஏறத்தாழ 30,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அவர் கண்ட இருளோ சுமார் 450 ஒளியாண்டில் உள்ள ஒரு முகில். இரண்டும் ஒரே திசையில் தெரிகின்றன என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. தொலைவை அளக்கும் வழி அன்று இல்லாததால் இதை அறிய முடியவில்லை.

சிவப்புக்கு அப்பால்

1800-ஆம் ஆண்டு ஹெர்ஷெல் வேறொரு ஆய்வில் ஈடுபட்டார். சூரியனைப் பார்க்க நிறக்கண்ணாடிகளைப் பயன்படுத்தியபோது, சில நிறங்கள் அதிக ஒளியும் குறைந்த வெப்பமும் தந்தன. சில நிறங்களில் இது மாறியிருந்தது. எந்த நிறத்தில் எவ்வளவு வெப்பம் என்று அளக்க, முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கி வெப்பம் கூடியது. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி அதைவிடவும் அதிகமாக ஏறியது. கண்ணுக்குப் புலப்படாத கதிர்களும் சூரியனிலிருந்து வருகின்றன என்று அவர் முடிவு செய்தார். இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என அழைக்கப்படுபவை இவையே.

வானத்துத் துளையைப் பற்றிய கேள்வியும் அதற்கு விடை தரப்போகும் கதிரும் இவ்வாறு ஒரே மனிதரின் கையில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் கருவிகள் உருவாக மேலும் 160 ஆண்டுகள் ஆயின.

பர்னார்டின் ஒளிப்படத் தட்டுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ‘துளை’ என்ற கருத்தே நிலவியது. தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை இடைவெளி ஓரளவு உறிஞ்சுகிறது என்று 1847-இல் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவ வாதிட்டார். அதைப் பலரும் ஏற்கவில்லை. ஒளிப்படக் கலை வானியலுக்குள் வந்த பிறகே நிலைமை மாறியது.

எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் (1857–1923) அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வறுமையில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தார். ஒன்பது வயதில் ஓர் ஒளிப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கற்ற கலையைப் பின்னாளில் வானை நோக்கித் திருப்பினார். வால்மீன்களைக் கண்டுபிடித்துப் பெற்ற பரிசுப் பணத்தில் வீடு கட்டினார். 1892-இல் வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்டறிந்தார். லிக் வானாய்வகத்திலும், 1895 முதல் யெர்க்ஸ் வானாய்வகத்திலும் பணியாற்றினார்.

பால்வழியை ஒளிப்படம் எடுப்பதே அவரது வாழ்நாள் பணியாயிற்று. ஒரு தட்டில் மங்கலான விண்மீன்கள் பதிய பல மணி நேரம் ஒளிபடச் செய்ய வேண்டும். அந்த நேரம் முழுவதும் கருவியை ஒரு வழிகாட்டி விண்மீன்மீது நிலைநிறுத்திக் கையாலேயே திருத்திக்கொண்டிருக்க வேண்டும். இந்தத் தட்டுகளில் கூர்மையான ஓரம் கொண்ட கரிய உருவங்கள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. தொடக்கத்தில் பர்னார்டும் இவற்றைத் துளைகள் என்றே கருதினார்.

1913-ஆம் ஆண்டு கோடையில் நிலவற்ற ஓர் இரவில், தனுசுப் பகுதியின் செறிந்த விண்மீன் கூட்டத்தின் முன்னே சிறு சிறு மேகத் துணுக்குகள் மிதந்து வருவதை அவர் கண்டார். அவை பூமியின் சாதாரண மேகங்கள்தாம். ஆயினும் ஒளிர்ந்த பின்னணியில் மைத்துளிகளைப் போலக் கரியனவாகத் தெரிந்தன. தம் தட்டுகளில் உள்ள கரும்புள்ளிகளும் அவற்றைப் போலவே இருப்பதை 1916-இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். 1919-இல் 182 இருண்ட உருவங்களின் பட்டியலை வெளியிட்டார். எல்லாமே மறைக்கும் பொருள்கள் என்று அவர் அப்போதும் அறுதியிடவில்லை. பெரும்பாலானவை அப்படித்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

அவர் மறைந்த பின், 1927-இல் பால்வழியின் ஒளிப்படத் தொகுப்பு அச்சானது. அச்சுப் பதிவில் நுணுக்கம் கெடும் என்பதால் உண்மையான ஒளிப்படப் பிரதிகளே அதில் ஒட்டப்பட்டன. 700 தொகுதிகளுக்கான 35,700 பிரதிகளையும் பர்னார்டே ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார். எஞ்சிய பணியை எட்வின் ஃபிராஸ்டும் பர்னார்டின் உறவினரான மேரி கால்வர்ட்டும் முடித்தனர். இன்றும் பல முகில்கள் ‘பர்னார்ட் 68’, ‘பர்னார்ட் 59’ என அவரது பட்டியல் எண்ணாலேயே அறியப்படுகின்றன.

மறைப்பது தூசியே

மறைக்கும் பொருள் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அது என்ன என்ற கேள்வி மீந்தது. 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர், கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு மங்கலான ஒளிமுகிலின் நிறமாலை அருகிலுள்ள விண்மீனின் நிறமாலையை ஒத்திருப்பதைக் கண்டார். முகில் தானாக ஒளிரவில்லை, விண்மீன் ஒளியை எதிரொளிக்கிறது என்பதே இதன் பொருள். எதிரொளிக்க நுண்ணிய திடத் துகள்கள் வேண்டும். 1922-இல் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், குறைந்த நிறையில் அதிக ஒளியை மறைக்கக்கூடியது நுண்தூசியே என்று காட்டினார். ஒரு கல்லைப் பொடியாக்கினால் அதன் பரப்பு பல மடங்கு கூடுவதைப் போன்றது இது.

ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் மாக்ஸ் வோல்ஃப், விண்மீன்களை எண்ணிப் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். முகில் உள்ள திசையிலும் அதன் அருகிலுள்ள வெற்றுத் திசையிலும் ஒவ்வொரு பொலிவு நிலையிலும் எத்தனை விண்மீன்கள் உள்ளன என்று ஒப்பிட்டால், எந்தப் பொலிவிலிருந்து எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது என்பது முகிலின் தொலைவையும் மறைப்பின் அளவையும் தோராயமாகக் காட்டும்.

1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர், ஏறத்தாழ 100 விண்மீன் கொத்துகளை ஆராய்ந்து ஐயத்துக்கு முடிவு கட்டினார். பொலிவைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டால், தொலைவிலுள்ள கொத்துகள் அருகிலுள்ளவற்றைவிட உருவத்தில் பெரியனவாக வந்தன. பூமியிலிருந்து விலக விலகக் கொத்துகள் பெரிதாகக் காரணமில்லை. எனவே இடையிலுள்ள தூசி ஒளியைக் குறைத்து, அவை உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றச் செய்கிறது என்று முடிவு செய்தார். தொலைவிலுள்ள விண்மீன்கள் சிவந்து தெரிவதும் இதை உறுதிப்படுத்தியது. வானியலாளர்களுக்கு இது கசப்பான செய்தி. அதுவரை வரைந்த பால்வழி வரைபடங்களின் அளவுகள் பல தவறாகிப்போயின.

கூட்டுப்புழுவின் உறை

டச்சு நாட்டில் பிறந்த அமெரிக்க வானியலாளர் பார்ட் போக்கும் எடித் ரைலியும் 1947-இல் சிறிய, உருண்டையான இருண்ட முகில்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். இவை ஈர்ப்பால் சுருங்கி விண்மீன்களாக மாறப்போகும் உருண்டைகள் என்பது அவர்களது கருத்து. பூச்சியின் கூட்டுப்புழு உறையோடு இவற்றை அவர்கள் ஒப்பிட்டனர். உறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லாததால், இக்கருத்து பல பத்தாண்டுகள் நிறுவப்படாமலே இருந்தது. ‘போக் உருண்டைகள்’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

1962-இல் பெவர்லி லிண்ட்ஸ், பாலமர் வானாய்வகத்தின் ஒளிப்படத் தட்டுகளிலிருந்து 1,802 இருண்ட முகில்களைப் பட்டியலிட்டார். 1970-இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் ஆகியோர் விண்மீனிடை வெளியில் கார்பன் மோனாக்சைடின் வானொலி அலைகளைக் கண்டனர். இருண்ட முகில்களின் வாயு பெரும்பாலும் மூலக்கூறு ஹைட்ரஜன் என்பதும், தூசி புற ஊதா ஒளியைத் தடுத்து அந்த மூலக்கூறுகள் சிதையாமல் காக்கிறது என்பதும் அடுத்த ஆண்டுகளில் தெளிவாயின.

அகச்சிவப்பு ஏன்?

மாலைச் சூரியன் சிவந்து தெரிவதற்குக் காரணம், வளிமண்டலம் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துச் சிவப்பை விட்டுவிடுவதே. விண்மீனிடைத் தூசியும் அலைநீளம் குறைந்த ஒளியை அதிகம் தடுக்கிறது. அலைநீளம் கூடக் கூடத் தடுக்கும் திறன் குறைகிறது. தூசித் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. 2.2 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிருக்கு, பொலிவெண் கணக்கில், கட்புலன் ஒளியைப் போல ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தடையே ஏற்படுகிறது.

இந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறையில் மிகப் பெரிய வேறுபாடு. பொலிவெண்ணில் 5 கூடினால் ஒளி 100 மடங்கு குறையும். ஒரு முகிலின் மையம் 30 பொலிவெண் அளவுக்குக் கட்புலன் ஒளியை மறைக்கிறது என்றால், பின்னாலுள்ள விண்மீனின் ஒளி ஒரு லட்சம் கோடி மடங்கு குறைகிறது. எந்தத் தொலைநோக்கியாலும் அதைக் காண இயலாது. அதே முகில் 2.2 மைக்ரோமீட்டரில் சுமார் 3 பொலிவெண்தான் மறைக்கும். அதாவது ஒளி ஏறத்தாழ 20 மடங்குக்குள்ளேயே குறைகிறது. இதை எளிதில் அளக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற கதிரை வெளியிடும். 10 முதல் 20 கெல்வின் வரையிலான தூசி, சுமார் 150 முதல் 300 மைக்ரோமீட்டர் வரையிலான தொலை அகச்சிவப்பில் மிக அதிகமாகக் கதிர்வீசுகிறது. ஆக, அண்மை அகச்சிவப்பில் முகிலின் ஊடே பார்க்கலாம். தொலை அகச்சிவப்பில் முகிலையே பார்க்கலாம்.

தடை இரண்டு. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன, 1.25, 1.65, 2.2 மைக்ரோமீட்டர் போன்ற சில சாளரங்கள் மட்டுமே திறந்துள்ளன. மேலும் அறை வெப்பத்தில் உள்ள தொலைநோக்கியும் காற்றும் தாமே அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. தானே எரியும் விளக்குக்குள் அமர்ந்து மின்மினியைத் தேடுவது போன்ற நிலை இது.

தரையிலிருந்து முதல் பார்வைகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்துறைத் தேவைக்காக வளர்ந்த காரீய சல்பைடு உணர்கருவிகள் போருக்குப் பின் வானியலாளர்களின் கைக்கு வந்தன. 1961-இல் ஃபிராங்க் லோ, திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட ஜெர்மானிய வெப்பமானியை உருவாக்கினார். ஜெரி நியூகபவரும் ராபர்ட் லைட்டனும் சுழலும் தட்டில் எப்பாக்சிப் பசையை ஊற்றி இறுகவைத்துச் செய்த 62 அங்குல ஆடியைக் கொண்டு, வில்சன் மலையிலிருந்து 2.2 மைக்ரோமீட்டரில் வானைத் துழாவினர். 1969-இல் வெளியான அவர்களது பட்டியலில் 5,612 மூலங்கள் இருந்தன.

1966-இல் எரிக் பெக்லினும் நியூகபவரும் ஓரியன் பகுதியில் கட்புலன் ஒளியில் அறவே தெரியாத, ஆனால் அகச்சிவப்பில் பிரகாசமான ஒரு மூலத்தைக் கண்டனர். தூசிக்குள் புதைந்திருந்த இளம் விண்மீன் அது. 1973-இல் கேரி கிராஸ்டாலன், ஸ்டீபன் ஸ்ட்ரோம், காரன் ஸ்ட்ரோம் ஆகியோர் பாம்புதாரி விண்மீன் குழுவின் இருண்ட முகிலை அகச்சிவப்பில் ஆராய்ந்து, அதற்குள் ஓர் இளம் விண்மீன் கூட்டமே மறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். ஹெர்ஷெல் ‘துளை’ என்று கருதிய பகுதி இந்த முகில்தான். விண்மீன்கள் வெளியேறிவிட்ட இடம் என்று அவர் நினைத்தது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடமாக இருந்தது. இன்று அங்கே 300 அளவில் இளம் விண்மீன்கள் அறியப்பட்டுள்ளன.

தொலை அகச்சிவப்பைக் காணக் காற்றுக்கு மேலே செல்ல வேண்டும். விமானத்தில் பொருத்திய கைப்பர் வானாய்வகம் 1970-களின் நடுவிலிருந்து 1995 வரை பறந்தது. இந்தியாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, விண்மீன் பிறப்புப் பகுதிகளின் தூசியைத் தொலை அகச்சிவப்பில் படமெடுத்தது.

ஐராஸ் தந்த முழுவான் பார்வை

1983 ஜனவரி 25 அன்று அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் இணைந்து ஐராஸ் என்னும் அகச்சிவப்புச் செயற்கைக்கோளை ஏவின. 57 சென்டிமீட்டர் ஆடியும் உணர்கருவிகளும் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டிருந்தன. ஹீலியம் தீரும்வரையிலான பத்து மாதங்களில், 12, 25, 60, 100 மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் வானின் 96 விழுக்காட்டை அது அளந்தது.

இரண்டு முடிவுகள் இருண்ட முகில் ஆய்வின் போக்கை மாற்றின. முதலாவது, தூசி சில முகில்களில் மட்டும் அடங்கிக் கிடக்கவில்லை. கீற்று மேகங்களைப் போன்ற மெல்லிய இழைகளாக வானெங்கும் பரவியிருந்தது. இரண்டாவது, முகில்களின் அடர்ந்த கருக்களில் ஏறத்தாழ பாதியில் இளம் விண்மீன்கள் புதைந்திருந்தன. 1990-இல் ஜோவாவ் யுன், டான் கிளமென்ஸ் ஆகியோர் ஐராஸ் தரவுகளைக் கொண்டு போக் உருண்டைகளுக்குள்ளும் விண்மீன்கள் உருவாவதைக் காட்டினர். பார்ட் போக் அதைக் காணவில்லை. ஐராஸ் வானில் இருந்தபோதே, 1983 ஆகஸ்டில், அவர் காலமாகியிருந்தார்.

பர்னார்ட் 68: இருளை அளத்தல்

1980-களின் நடுவில், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அறியும் அகச்சிவப்பு உணர்கருவி வரிசைகள் புழக்கத்துக்கு வந்தன. 1994-இல் சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா முதலியோர் இவற்றைக் கொண்டு புதிய முறை ஒன்றை அமைத்தனர். பெரும்பாலான விண்மீன்கள் அண்மை அகச்சிவப்பில் கிட்டத்தட்ட ஒரே நிறம் கொண்டவை. ஆகவே முகிலுக்குப் பின்னாலுள்ள ஒரு விண்மீன் இயல்பைவிட எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்தால், அந்தப் பார்வைக்கோட்டில் எவ்வளவு தூசி உள்ளது என்று கணக்கிடலாம். ஒவ்வொரு விண்மீனும் முகிலுக்குள் இறக்கிய ஓர் அளவுகோலாகிறது.

இம்முறையின் சிறந்த பயனை 2001-இல் ஜோவாவ் ஆல்வஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா ஆகியோர் காட்டினர். பாம்புதாரி குழுவில், சில நூறு ஒளியாண்டுத் தொலைவில், அரை ஒளியாண்டு அகலத்தில் உள்ள சிறு முகில் பர்னார்ட் 68. கட்புலன் ஒளியில் அதன் நடுவே ஒரு விண்மீன்கூடத் தெரியாது. சிலியில் உள்ள ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் அதன் பின்னால் 3,700-க்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பதிவு செய்தன; அவற்றுள் ஏறத்தாழ 1,000 விண்மீன்கள் அகச்சிவப்பில் மட்டுமே தெரிந்தவை.

இந்த அளவுகளிலிருந்து, மையத்திலிருந்து ஓரம் வரை அடர்த்தி எப்படிக் குறைகிறது என்ற வரைபடம் கிடைத்தது. வெளி வாயுவின் அழுத்தத்தால் பிடித்துவைக்கப்பட்டு, உள் அழுத்தமும் ஈர்ப்பும் சமன்பட்ட ஒரு வாயு உருண்டை எப்படி இருக்க வேண்டும் என்று ரோல்ஃப் எபர்ட் 1955-இலும் வில்லியம் பானர் 1956-இலும் கணித்திருந்தனர். பர்னார்ட் 68 அந்தக் கணிப்போடு வியக்கத்தக்க அளவு பொருந்தியது. அதன் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. சமநிலையின் விளிம்பில் அது நிற்கிறது. வானியல் கணக்கில் மிகக் குறுகிய காலத்தில் அது சரிந்து விண்மீனாகலாம். கரும்புள்ளி என்று பட்டியலிடப்பட்ட ஒன்று, உள்ளமைப்பு மிகத் துல்லியமாக அறியப்பட்ட முகில்களுள் ஒன்றாயிற்று.

2007-இல் ஆல்வஸ், மார்கோ லொம்பார்டி, லாடா ஆகியோர் ‘குழாய் முகில்’ என்னும் பெரிய இருண்ட முகிலில் 159 கருக்களை இதே வழியில் எடைபோட்டனர். சிறியன பல, பெரியன சில என்ற அவற்றின் விகிதம் விண்மீன்களின் நிறைப் பரவலை ஒத்திருந்தது. கருக்கள் மட்டும் மூன்று மடங்கு கனமானவை. விண்மீன்களின் நிறை அவை பிறக்கும் முன்பே, முகில் துண்டாகும்போதே, பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது.

அகச்சிவப்பிலும் இருள்

1990-களின் பிற்பகுதியில் பழைய கதை புதிய வடிவில் திரும்பியது. ஐரோப்பாவின் ஐசோ, அமெரிக்காவின் எம்எஸ்எக்ஸ் ஆகிய செயற்கைக்கோள்கள் 7, 8 மைக்ரோமீட்டர் அளவில் பால்வழியைப் படமெடுத்தபோது, அந்த அலைநீளத்தில் ஒளிரும் பின்னணியிலும் கரிய உருவங்கள் தெரிந்தன. அகச்சிவப்பையே மறைக்கும் அளவுக்கு அடர்ந்த இவை ‘அகச்சிவப்பு இருண்ட முகில்கள்’ எனப்பட்டன. பெருநிறை விண்மீன்களும் பெரும் கொத்துகளும் பிறக்கும் தொடக்க நிலை இவற்றில் காணப்படுகிறது. பின்னர் நடந்த ஆய்வுகள் எச்சரிக்கையையும் தந்தன: இவ்வாறு பட்டியலிடப்பட்டவற்றில் கணிசமான பகுதி முகில்களே அல்ல, பின்னணி ஒளி குறைந்த இடங்கள் மட்டுமே. நிழலை மட்டும் வைத்துப் பொருளை உறுதி செய்ய முடியாது. பொருள் தானே வெளியிடும் கதிரையும் காண வேண்டும்.

அதைச் செய்தது 2009 மே 14 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கி. 3.5 மீட்டர் ஆடி கொண்ட அது, 2013 ஏப்ரலில் ஹீலியம் தீரும்வரை 500 மைக்ரோமீட்டருக்கும் அப்பால் வரை தூசியின் சொந்தக் கதிர்வீச்சை அளந்தது. பிலிப் ஆந்த்ரே தலைமையிலான குழு அண்மை முகில்களை ஆராய்ந்தபோது, அவை யாவும் நீண்ட இழைகளின் பின்னலாக இருந்தன. விண்மீன் பிறக்காத முகிலிலும் இழைகள் இருந்தன. எனவே இழைகள் முதலில் தோன்றுகின்றன, அவற்றில் அடர்ந்தவை பின்னர் கருக்களாகத் துண்டாகின்றன என்று அக்குழு முன்மொழிந்தது. பல இழைகளின் அகலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஒளியாண்டாகவே அமைவது ஏன் என்பதும், அந்த அளவு உண்மையிலேயே பொதுவானதா என்பதும் இன்றும் விவாதத்தில் உள்ளன.

உண்மையான ஒரு துளை

ஓரியன் குழுவில் என்.ஜி.சி. 1999 என்னும் ஒளிமுகில் உள்ளது. அதை 1785-இல் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷெல். அதன் நடுவே உள்ள கரிய திட்டு ஒரு போக் உருண்டை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஹெர்ஷெல் தொலைநோக்கி அதைப் பார்த்தபோது, தூசி ஒளிர வேண்டிய தொலை அகச்சிவப்பிலும் அது கருமையாகவே இருந்தது. மேலும் குளிர்ந்த, மேலும் அடர்ந்த முகிலா என்று அறியத் தரைத் தொலைநோக்கிகளால் சோதித்தனர், எதுவும் கிடைக்கவில்லை. அங்கே மறைக்கும் பொருள் இல்லை. அருகிலுள்ள இளம் விண்மீன்களின் வாயுத் தாரைகள் முகிலைத் துளைத்திருக்கலாம் என்று 2010-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். முகில்களையெல்லாம் துளை என்று கருதிய காலம் போய், துளையை முகில் என்று கருதிய காலமும் வந்திருந்தது. இரண்டையும் பிரித்தறிய அகச்சிவப்பே உதவியது.

தூசியிலிருந்து பனிக்கு

முகிலின் உள்ளே தூசியும் மாறிக்கொண்டிருக்கிறது. 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி, விண்மீனற்றவை என்று கருதப்பட்ட சில கருக்களுக்குள் மிக மங்கலான இளம் பொருள்களைக் கண்டது. 2010-இல், ஆராயப்பட்ட கருக்களில் ஏறத்தாழ பாதி, 3.6 மைக்ரோமீட்டரில் தாமே ஒளிர்வது போலத் தெரிவதை அதன் படங்கள் காட்டின. சுற்றுப்புற ஒளியைச் சிதறடிப்பதால் வரும் ஒளி அது. அந்த அலைநீளத்தைச் சிதறடிக்க ஒரு மைக்ரோமீட்டர் அளவு துகள்கள் வேண்டும். சாதாரண விண்மீனிடைத் தூசி அதைவிடச் சிறியது. ஆகவே விண்மீன் பிறக்கும் முன்பே துகள்கள் ஒட்டி வளரத் தொடங்கிவிடுகின்றன. கோள்கள் உருவாவதன் முதல் படி இதுவே.

குளிர்ந்த துகள்களின் மேல் வாயு மூலக்கூறுகள் உறைந்து பனிப் படலமாகின்றன. 2023 ஜனவரியில் மெலிசா மெக்லூர் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் ‘கமேலியன் 1’ முகிலுக்குப் பின்னாலுள்ள இரு விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து, நீர், கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், அம்மோனியா, மெத்தனால் ஆகியவற்றின் பனியை அடையாளம் கண்டது. கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் ஆகிய தனிமங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பனியில் இருந்தன. எஞ்சியவை அகச்சிவப்பில் புலப்படாத கரிப்பொருளிலோ கனிமத் துகள்களிலோ இருக்கக்கூடும்.

இன்றைய நிலை

இருண்ட முகில் ஆய்வில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் தடையைக் கருவியாக்கிக்கொண்டது. டிரம்ப்ளரின் காலத்தில் வரைபடங்களைக் கெடுத்த தூசி, லாடாவின் முறையில் முகிலை எடைபோடும் அளவையானது. பின்னாலுள்ள விண்மீன்களை மறைத்த துகள்களே இன்று அவ்விண்மீன்களின் ஒளியில் தம் வேதியியலைப் பதித்துத் தருகின்றன. ஒரு கரு எப்போது சரியத் தொடங்குகிறது, காந்தப்புலம் அதை எவ்வளவு தாமதப்படுத்துகிறது, பனியில் உள்ள நீரும் கரிமச் சேர்மங்களும் எந்த அளவுக்குச் சிதையாமல் கோள்களை வந்தடைகின்றன என்பவை இப்போது எஞ்சியுள்ள முதன்மைக் கேள்விகள். பூமியின் கடல்நீரில் ஒரு பகுதி சூரியனைவிடப் பழையதா என்ற கேள்விக்கான விடையும் இந்த முகில்களின் பனியில்தான் தேடப்படுகிறது.